கேமுக்கு மூன்று மணி நேரம், செஜாராவுக்குப் பத்து நிமிடம்

கேள்வி: நாங்கள் சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகன் படிவம் 4. அவனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துடிப்பு) என்று போன வருடம் மருத்துவமனையில் சொன்னார்கள், மாத்திரை சாப்பிடுகிறான். கைப்பேசியில் மூன்று மணி நேரம் அசையாமல் விளையாடுகிறவன், செஜாரா (வரலாறு) புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். ஏற்கெனவே மூன்று பாடத்துக்கு டியூஷன் போகிறான். இதற்கும் சேர்த்துவிடுவோம் என்கிறார் அவன் அப்பா. இது நோயா, சோம்பலா?
– ஒரு தாய், கெடா

பதில்: நான்காவது டியூஷன் வேண்டாம், அம்மா.

சோம்பலும் இல்லை. கேமில் நொடிக்கு நொடி ஏதாவது கிடைக்கிறது. செஜாராவுக்குப் பலன் அடுத்த வருடம் எஸ்பிஎம் தேர்வில்தான். தூரத்துப் பலனுக்காக இப்போது உட்காருவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மலை. கவனம் நிற்க மாத்திரை உதவும். எப்படிப் படிப்பது என்பதை நாம்தான் பழக்க வேண்டும்.

அப்பாவின் கவலையும் நியாயமே. 2013 முதல் செஜாராவில் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. ஆனால் பள்ளி முடித்துக் களைத்து வந்தவனை இன்னொரு நெரிசலான அறையில் உட்காரவைத்தால் உடம்புதான் அங்கே இருக்கும்.

டியூஷனுக்குப் பதில் வீட்டில் படிக்கும் முறையை மாற்றுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதும், வரிகளுக்கு மஞ்சள் மை பூசுவதும் படித்துவிட்டோம் என்ற நினைப்பை மட்டும் தரும். மலாயன் யூனியன் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம் வாசித்துப் புத்தகத்தை மூடட்டும். நீங்கள் சமைக்கும் இடத்துக்கு வந்து, நடந்துகொண்டேகூட, தமிழில் சொல்லட்டும்: நம் கெடா சுல்தான் பட்லிஷாவிடம் பிரிட்டிஷ் பிரதிநிதி மெக்மைக்கல் எப்படி நெருக்கிக் கையெழுத்து வாங்கினார், 1946-இல் என்ன வந்தது, மலாய்க்காரர்கள் ஏன் கொதித்தார்கள். உங்களுக்கு விடை தெரிய வேண்டாம், "ஏன்டா?" என்று கேட்டால் போதும். பிறகு உட்கார்ந்து அதையே மலாயில் நாலு குறிப்பாக எழுதட்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளை, பாடத்தைப் புரிந்துகொள்வதையும் மலாயில் வாக்கியம் அமைப்பதையும் ஒரே மூச்சில் செய்யப்போனால் இரண்டும் நழுவும். இருபது நிமிடம் போதும். மறுநாள் புத்தகத்தைப் பார்க்காமல் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். பாதி மறந்திருப்பான், திட்டாதீர்கள். தட்டுத்தடுமாறி நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் பாடம் தங்குகிறது.

நேரம் பார்க்க மேசைக் கடிகாரம் வையுங்கள். கைப்பேசியில் மணி பார்க்கப் போனவன் அங்கேயே குடியேறிவிடுவான்! கைப்பேசி உங்களிடமே இருக்கட்டும்.

நம் கெடாவில் பள்ளிக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் மாலையே புத்தகப்பையைத் தரையில் கொட்டி, ஞாயிறு கொடுக்க வேண்டிய வீட்டுப்பாடத்தை உங்கள் கண்ணெதிரே ஒரு தாளில் எழுதி ஒட்டட்டும். சனி இரவு பத்து மணிக்கு "நாளைக்குக் கொடுக்கணும்மா" என்ற அலறல் குறையும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, மாத்திரையின் வேகம் எத்தனை மணி வரை நிற்கும் என்று கேளுங்கள். படிக்கும் நேரத்தை அதற்குள் வையுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு எஸ்பிஎம்மில் கூடுதல் நேரம் கேட்க வழி உண்டு. பள்ளி மூலம் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ அறிக்கையோடு இந்த வருடமே பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள்.