ஆய்வுக்கூடமும் பண்டகசாலையும்

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்பது திருவள்ளுவர் கருத்து. இக்காலத்து மருத்துவமனையில், ஆய்வுக்கூடத்தாரும் அவர்க்கு வேண்டும் பொருள்களைத் தேடித் தருவோரும் அந்நான்காம் உறுப்பினுள் அடங்குவர் எனக் கொள்ளுதல் பொருந்தும். இவருட் பின்னவரது தொழிலின் இன்றியமையாமையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மருந்துச்சாலையில் ஒரு மருந்து தீர்ந்துவிடின், பிறிதொன்று அதற்கு ஈடாதல் கூடும். ஆய்வுக்கூடத்தின் நிலை அன்னதன்று. ஓர் இரத்தப் பரிசோதனைக்கு ஊசி, குழாய், இரசாயனப் பொருள், சோதனையின் செம்மையைச் சரிபார்க்கும் ஒப்பு மாதிரி ஆகிய யாவும் ஒருங்கே வேண்டும். ஒன்று குறையின், ஏனையவை இருந்தும் பயனில.

காசநோயை ஆராயும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனையை உலக சுகாதார ஸ்தாபனம் 2010ஆம் ஆண்டில் ஏற்றுப் பரிந்துரைத்தது. சளியில் நோய்க்கிருமி உண்டா, அது ரிஃபாம்பிசின் என்னும் மருந்துக்கு அடங்குமா என்பவற்றை அப்பொறி ஏறக்குறைய 2 மணி நேரத்தில் அறிவிக்கும். ஆயினும், ஒவ்வொரு சோதனைக்கும் அதற்கே உரிய கார்ட்ரிஜ் என்னும் சிறு கூடு ஒன்று செலவாகும். அக்கூட்டினை 2 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பத்துள் வைத்துக் காத்தல் வேண்டும். கார்ட்ரிஜ் வந்து சேராத ஊரில் அப்பொறி வெறும் பெட்டியே. நோயாளி விடையறியாது வீடு திரும்புவர். அவர்தம் வீட்டாரையும் நோய் பற்றுதல் கூடும்.

இத்தகைய இடரை ஆப்பிரிக்க நாடுகள் நன்கு உணர்ந்தன. அந்நாடுகட்கு உதவ வந்தோர் வெவ்வேறு வகைப் பொறிகளை வழங்கினமையால், ஒவ்வொன்றிற்கும் தனித்தனிப் பொருள்களும் பழுது பார்ப்போரும் வேண்டியதாயிற்று. ஆதலின், 2008 ஜனவரியில் மொசாம்பிக் நாட்டுத் தலைநகராகிய மாபுட்டோவிற் கூடியோர், ஆய்வுக்கூடங்களை நான்கு படிகளாக வகுத்து, ஒவ்வொரு படிக்கும் உரிய சோதனைகளையும் பொறிவகைகளையும் ஒருசீராக்க வேண்டும் என்று பரிந்துரைத்தனர். பொறிகளின் வகை குறையின், வாங்கவேண்டும் பொருள்களின் வகையும் குறையும்; தேவையைக் கணக்கிடுதலும் மொத்தமாக வாங்குதலும் எளியவாம்.

எஞ்சியது பண்டகசாலையின் அன்றாடக் கடமை. சென்ற மாதங்களிற் செலவான அளவு, கையிருப்பு, புதுப்பொருள் வந்துசேரப் பிடிக்கும் காலம் ஆகிய மூன்றனையும் அறிந்தே வேண்டுகோள் அனுப்புதல் வேண்டும். முன்னர் வந்ததனை அன்று, முன்னர்க் காலாவதியாவதனையே முதற்கண் வழங்குதல் வேண்டும். குளிரிற் காக்கவேண்டுவனவற்றை வழிநெடுகக் குளிரிலேயே கொணர்தல் வேண்டும். அஞ்சி மிகுதியாக வாங்கிக் குவித்தலும் தீர்வாகாது. குவித்தவை காலங்கடந்து வீணாம். இவற்றுட் பெரும்பாலன பெருஞ்செல்வத்தினும் விழிப்பும் நேர்மையுமே மிகுதியும் வேண்டுவன.

நம் கல்லூரியினின்று வெளிச்செல்வோருள் மருத்துவராவோர் சிலர். கணக்கரும் அலுவலரும் ஆவோர் பலர். இருப்பேட்டில் உண்மையாக எழுதப்படும் ஓர் எண்ணும் நோயாளிக்குச் செய்யும் தொண்டே என்பதை அன்னோர் உணர்வாராயின், நாம் கூறவந்தது நிறைவேறியதாகும்.