மன்னிப்பும் பத்திரமும்

ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ முப்பது வருஷம் பாடுபட்ட ஒரு தகப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் பெயருக்கு ஒரு மனையை எழுதினார். அவன் அதை விற்றுக் குடித்தான்; பெற்றவர்கள்மேல் கையும் வைத்தான். இப்போது அழுதுகொண்டு வந்து, குடியிருக்கும் வீட்டையும் கேட்கிறான். "மன்னித்தது மெய்யானால் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறான். பரலோக மந்திரம் சொல்லும்போதெல்லாம் தகப்பனுக்கு மனம் நடுங்குகிறது. போடவேண்டுமா?

வேண்டியதில்லை. மன்னிப்பென்பது பழிவாங்கும் எண்ணத்தை விட்டு, அவன் நன்மையை விரும்பி, அவனுக்காக வேண்டிக்கொள்வது. எத்தனை தடவை என்று கேட்ட இராயப்பருக்குச் சேசுநாதர் கணக்கு வைக்க இடங்கொடுக்கவில்லை. நம்பிக்கையோ வேறு. அதை அவன்தான் நடத்தையால் திரும்பச் சம்பாதிக்கவேண்டும்.

ஊதாரிப் பிள்ளையின் உவமையை (லூக்காஸ் 15) மறுபடி வாசியுங்கள். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அங்கி, மோதிரம், கொழுத்த கன்று, எதிலும் குறைவில்லை. ஆனால் சொத்தை இரண்டாந்தரம் பங்கிட்டானா? தன்னிடம் இருப்பதெல்லாம் மூத்தவனுடையது என்றல்லவா சொல்கிறான்! பிரசங்கங்களில் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். சீராக் ஆகமம் 33-ம் அதிகாரம் இன்னும் வெளிப்படை: உயிருள்ளமட்டும் மகனுக்கோ, மனைவிக்கோ, சகோதரனுக்கோ உன்மேல் அதிகாரம் கொடாதே, சாகும் வேளையில் பங்கிடு என்று புத்தி சொல்கிறது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவர்களுக்கும் வழியுண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ம் வருஷத்துச் சட்டத்தின் 23-ம் பிரிவுப்படி, பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளை கைவிட்டால் ரத்துசெய்யக் கேட்கலாம். மனு வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்கவேண்டும். நாகப்பட்டினத்தில் ஒரு வயோதிகத் தாய் மகனுக்கு எழுதிய செட்டில்மெண்ட் இப்படி ரத்தானது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அன்பின்பேரில் கொடுத்ததிலேயே நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றார்கள் நீதிபதிகள். ஆயினும் 2022-ல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தே தீரவேண்டும் என்றது. ஆகையால் புதிதாக எழுதுகிறவர்கள் பத்திரத்திலேயே அதை எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் முகம் சுளித்தாலும் விடாதேயுங்கள்.

பெற்ற பிள்ளைமேல் மனுக்கொடுப்பது பாவமோ என்று கேட்பீர்கள். பகையில்லாமல், வயிற்றுக்கும் கூரைக்குமாகக் கேட்பது பாவமல்ல. பண்டிகைக்கு அவன் வரட்டும். இலைபோட்டுப் பரிமாறுங்கள், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுங்கள். குடித்து வந்தால் கதவைத் திறக்கவேண்டாம். கை ஓங்கினால் போலீசுக்குச் சொல்லுங்கள். யோசனை கேட்க முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. பீரோக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.