தோற்றாலும் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: ஆன்லைன் விளையாட்டுகளில் பிள்ளைகள் இவ்வளவு ஒன்றிப்போவது எதனால்?

பதில்: அங்கே இழப்பும் நிஜம், உறவும் நிஜம்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டில் விண்கலம் அழிந்தால் அழிந்ததுதான். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி, தன் வசமிருந்த நட்சத்திர மண்டலத்துக்கான கட்டணத்தைச் செலுத்தத் தவறியது. எதிரணி பாய்ந்தது. சுமார் 21 மணி நேரப் போரில், பலர் கூடி வாரக்கணக்கில் உழைத்துக் கட்டிய 'டைட்டன்' கலங்கள் 75 நொறுங்கின.

உறவுக்குச் சாட்சி நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்'டில் 'இபெலின்' என்ற பெயரில் உலவினார். 2014-இல், 25 வயதில் இறந்தார். சக ஆட்டக்காரர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. சிலர் வெளிநாட்டிலிருந்து இறுதிச்சடங்குக்கே வந்தார்கள். மகனுக்கு இத்தனை நண்பர்கள் இருந்தது பெற்றோருக்கு அப்போதுதான் தெரிந்தது.