கால்பந்தில் காவல்

கோல் போட்டவன் பெயரை ஊரே அறியும். தடுக்கப்பட்ட கோலுக்கோ பெயரும் இல்லை, கைதட்டலும் இல்லை. அதனாலேயே ஓர் அணியின் காவல் சீர்ப்படும்போது, நாம் அதன் காரணத்தை ஆராய்வதில்லை. “புதிய பயிற்சியாளர் வந்தார், எல்லாம் மாறிற்று” என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். இம்முடிவு எவ்வளவு தூரம் உண்மை? நம் சென்னை அணியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

முதற்கண், காவல் என்பது யாது? எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதே காவல் என்பர் பலர். அது பாதி உண்மையே. கோல் கம்பங்களுக்கு இடைப்பட்ட அகலம் 7.32 மீட்டர். நேரெதிரே 11 மீட்டர் தொலைவிலுள்ள பெனால்டிப் புள்ளியில் நிற்பவனுக்கு அவ்வாயில் ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் விரிந்து தோன்றும். அவனையே அங்கிருந்து 20 மீட்டர் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டால், கோணம் 9 பாகையாகச் சுருங்கிவிடும். பந்து இன்னும் அவனிடமேதான் இருக்கிறது. ஆயினும் அவன் காணும் வாயில் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. ஆகவே, எதிரியை ஓரத்திற்குத் தள்ளுதலும் காவலே ஆகும்.

இதனைத் தனியொருவன் செய்ய இயலாது. பெரிய ஆடுகளங்களின் அகலம் 68 மீட்டர். பின்காவலர் நால்வர் அதனைச் சமமாகப் பங்கிட்டு நின்றால் ஆளுக்கு 17 மீட்டர் வரும். அத்தனை இடத்தை ஒருவன் காத்தல் அரிது. எனவே பந்து செல்லும் பக்கம் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர் போல் நகர்வர். அவர்களுக்கு முன்னே நடுக்களத்தார் இருவர் நின்று நடுவழியை அடைப்பர். ஒருவன் பிந்தினாலும் கயிறு அறுந்துவிடும். ஜனக்புரிப் பூங்காவில் மாலையில் பந்தாடும் நண்பர்கள், நால்வரை வரிசையாக நிறுத்தி இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

இனிச் சென்னைக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி. 14 ஆட்டங்களில் 25 கோல்களை விட்டுக்கொடுத்து ஏழாம் இடம் பெற்றது. அப்போதைய பயிற்சியாளர் மார்கோ மாட்டெராஸி, 2006இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலிய அணியின் பின்காவலர். 2015இல் சென்னைக்குக் கோப்பை பெற்றுத் தந்தவரும் அவரே. காவற்கலை அறியாதவர் என்று அவரை எவரும் கூறார்.

2017இல் இங்கிலாந்து நாட்டு ஜான் கிரெகரி பொறுப்பேற்றார். முதல் ஆட்டத்திலேயே, இடைவேளைக்கு முன், கோவா அணி மூன்று கோல் போட்டுவிட்டது. சென்னை 2-3 எனத் தோற்றது. ஆயினும் பின்னர் காவல் இறுகிற்று. நடுவில் மெயில்சன் ஆல்வெஸும் ஹென்ரிக் செரெனோவும் நின்றனர். அவர்களுக்கு முன்னே தனபால் கணேஷ், பிக்ரம்ஜித் சிங் போன்றோர் வழியடைத்தனர். லீக் சுற்றின் 18 ஆட்டங்களில் விட்ட கோல்கள் 19 மட்டுமே. அதாவது, ஆட்டத்திற்கு 1.79 ஆக இருந்த சராசரி 1.06 ஆகக் குறைந்தது. 2018 மார்ச் 17 அன்று, பெங்களூரு அணியை அதன் சொந்தக் களத்திலேயே 3-2 என வென்று சென்னை கோப்பையைக் கைப்பற்றியது. அந்த மூன்றில் இரண்டைத் தலையால் முட்டிப் போட்டவர் பின்காவலர் மெயில்சனே!

அப்படியானால் பெருமையெல்லாம் கிரெகரிக்கே உரியதா? இங்கேதான் அறிவியல் மாணவன் அவசரப்படலாகாது. காரணம் நிலைத்திருந்தால் காரியமும் நிலைத்திருத்தல் வேண்டும் அன்றோ? 2018-19 பருவத்திலும் பயிற்சியாளர் கிரெகரியே. ஆனால் அணி 18 ஆட்டங்களில் 32 கோல்களை விட்டது. சராசரி 1.78, ஏறக்குறையப் பழைய எண்ணே! கோப்பை வென்ற அணி கடைசி இடத்திற்குச் சென்றது.

மாறியது எது? செரெனோ அணியில் இல்லை. சென்னையில் பிறந்து வளர்ந்த தனபால் கணேஷ், முழங்கால் காயத்தால் அப்பருவத்தில் ஆட இயலாது போயிற்று. கயிற்றின் சில இழைகள் அறுந்தன. இவை மட்டுமே காரணம் என்று நாம் சாதிப்போமாயின், அதுவும் முன்னைய பிழையே. மேலும், 14 ஆட்டமும் 18 ஆட்டமும் சிறு எண்ணிக்கைகள். தற்செயலின் பங்கை முற்றும் ஒதுக்கிவிட அவை போதா. திண்ணமாகச் சொல்லக்கூடியது ஒன்றே: பயிற்சியாளரை மட்டும் வைத்து இம்மூன்று பருவங்களின் எண்களை விளக்க முடியாது.

திருக்குறளில் அரண் என்றே ஓர் அதிகாரம் உண்டு. எத்துணை மாட்சியுடைய அரணாயினும், செயலிற் சிறந்தவர் உள்ளே இல்லையேல் அது அரணாகாது என்பது அதன் முடிபு. பயிற்சியாளர் வகுப்பது அரணின் வரைபடம். அதற்கு உயிரூட்டுவோர் களத்தில் நிற்பவர்.

வெற்றியில் ஒருவரைத் தோளில் தூக்குவதும், தோல்வியில் அவரையே தூற்றுவதும் எளிது. இரண்டிலும் மறக்கப்படுவோர் ஒருவரே: கோல் விழாமல் காத்து, பெயரின்றித் திரும்பியவர். அடுத்த முறை ஆட்டம் காணும்போது, பந்தை விட்டு ஐந்து நிமிடம் அவர்களைப் பாருங்கள். யார் நகர, யார் உடன் நகர்கிறார் என்று நோக்குங்கள். காவல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.