இஞ்சி இல்லாத அடுப்படி
(மனையியல் கட்டுரை)



கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவால் கடலினின்று பிரிந்து, முகத்துவாரத்தின் வழியே மீண்டும் கடலோடு உறவாடும் பழவேற்காடு ஏரி, இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமை வாய்ந்தது. அதன் கரையில் உள்ள குப்பங்களில் மீன் சமைக்கத் தெரியாத பெண்ணைக் காண்பது அரிது. அப்படிப்பட்ட குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, செய்முறை வகுப்பில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த பிறகு அப்பா மடவை மீன் கொண்டு வந்தார். கடையில் இஞ்சியும் இல்லை, இஞ்சி பூண்டு விழுது பாக்கெட்டும் இல்லை. அம்மா மீனை வைத்துக்கொண்டு விழித்தார். இஞ்சிக்குப் பதிலாக எதைப் போடலாம்?"

சிறிய கேள்விதான். ஆனால் ஒரு குடும்பத்தின் அன்றைய உணவும், சில வேளைகளில் உடல்நலமும் அதில் அடங்கியிருக்கின்றன. புயல் இல்லாத நாளிலும் இஞ்சி எட்டாக்கனி ஆவதுண்டு. 2023ஆம் ஆண்டில் அதன் விலை கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டியதை நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே இக்கேள்விக்கு முறையாக விடை காண்போம்.

இஞ்சி செய்யும் வேலைகள்

ஒருவர் விடுப்பில் சென்றால், அவர் பார்த்த வேலை என்ன என்று அறிந்த பின்னரே மாற்று ஆளை அமர்த்துகிறோம். இஞ்சிக்கும் அதுவே விதி. சமையலில் அது நான்கு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, காரமும் மணமும் தருதல். பச்சை இஞ்சியின் காரத்துக்கு ஜிஞ்சரால் என்னும் பொருள் காரணம். இரண்டாவது, மீனின் கவிச்சையை அடக்குதல். மூன்றாவது, இறைச்சியை மென்மையாக்குதல். புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று பச்சை இஞ்சியில் உண்டு. நான்காவது, செரிமானத்துக்குத் துணை நிற்றல். இந்நான்கையும் ஒருங்கே செய்யவல்ல வேறொரு பொருள் நம் அஞ்சறைப் பெட்டியில் இல்லை. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஆள் உண்டு.

காரத்துக்குச் சுக்கு

இஞ்சியின் உடன்பிறப்பு என்பதைவிட, உலர்ந்த இஞ்சியே சுக்கு என்பது சரி. "சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை" என்பார்கள் பெரியோர். பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு நீர். காயும்போது நீர் நீங்குவதோடு, ஜிஞ்சராலில் ஒரு பகுதி அதைவிடக் காரமான ஷோகால் என்னும் பொருளாக மாறுகிறது. எனவே அளவு முக்கியம். ஒரு மேசைக்கரண்டி இஞ்சி விழுதுக்குக் கால் தேக்கரண்டி சுக்குப் பொடி போதும். கை தாராளமானால் குழம்பு கஷாயமாகிவிடும். உண்பவர் முகமும் இஞ்சி தின்ற குரங்கின் முகமாகிவிடும்!

சுக்கும் இல்லையா? மிளகும் பூண்டும் கைகொடுக்கும். மிளகின் காரம் வேறு வகையாயினும் மீனுக்கு நன்கு பொருந்தும். மாங்காய் இஞ்சி கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். அது மஞ்சள் இனத்தைச் சேர்ந்தது. மாங்காய் மணம் உண்டு, காரம் இல்லை. ஊறுகாய்க்கும் பச்சடிக்கும் சிறந்தது. மீனில் இட்டால் சிறிது மிளகும் சேர்த்தல் வேண்டும்.

கவிச்சைக்குப் புளி

கடல் மீனின் தசையில் இயற்கையாகவே உள்ள ஒரு பொருள், மீன் இறந்தபின் நுண்ணுயிர்களால் டிரைமெத்தில் அமீனாக மாறுகிறது. நாம் கவிச்சை என்பது பெரும்பாலும் இதன் மணமே. இது காரத்தன்மை உடையது. வேதியியல் வகுப்பில் அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு உண்டாகும் என்று படித்தீர்கள் அல்லவா? புளி, எலுமிச்சை, மாங்காய், தக்காளி ஆகியவற்றின் அமிலம் அமீனோடு சேர்ந்து, ஆவியாகாத உப்பாக அதைக் கட்டிப்போடுகிறது. மணம் மூக்குக்கு எட்டுவதில்லை. இஞ்சி கவிச்சையைத் தன் மணத்தால் மறைக்கிறது. புளியோ அதைக் கட்டிவிடுகிறது.

இதனை நம் பாட்டிமார் ஏட்டில் படிக்கவில்லை, ஆயினும் அறிந்திருந்தனர். பழைய வீட்டு மீன் குழம்பை நினைத்துப் பாருங்கள். புளிக்கரைசல், பூண்டு, சின்ன வெங்காயம், வெந்தயம், மிளகாய், மல்லி, கறிவேப்பிலை. இஞ்சி எங்கே? பல வீடுகளில் "மீன் குழம்புக்கு இஞ்சி ஆகாது" என்றே சொல்வார்கள். விழுது பாக்கெட்டில் வரத் தொடங்கிய பின்னரே எல்லாச் சட்டியிலும் அது நுழைந்தது. ஆதலால் அம்மாணவியின் தாய் மீன் குழம்பு வைத்திருந்தால், மாற்றுப் பொருளையே தேடியிருக்க வேண்டியதில்லை.

சுறாவும் திருக்கையும் தனிவகை. அவற்றின் தசையில் யூரியா மிகுதி. வைத்திருக்க வைத்திருக்க அது அம்மோனியாவாகி மூக்கைத் துளைக்கும். மஞ்சள் இட்டு வேகவைத்து, நீரை வடித்து, தோல் நீக்கி உதிர்த்துக்கொள்க. பிள்ளை பெற்ற தாய்மாருக்குச் செய்யும் சுறாப் புட்டில் பூண்டும் மிளகும் தாராளமாகச் சேருமாதலால், பச்சை இஞ்சிக்குப் பதில் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியே போதுமானது.

மென்மைக்குப் பப்பாளி

கிறிஸ்துமஸ் அன்றோ ரம்ஜான் அன்றோ ஆட்டிறைச்சி பிரியாணி செய்கையில் இஞ்சி இல்லையேல் தயிர் உதவும். ஒரு கிலோ இறைச்சிக்கு ஒரு மேசைக்கரண்டி துருவிய பப்பாளிக்காய் சேர்த்து அரைமணி நேரம் ஊறவைப்பது இன்னும் விரைவான வழி. அதற்கு மேல் ஊறினால் இறைச்சி குழைந்துவிடும். இவ்வேலைக்குச் சுக்கு உதவாது. உலர்த்தும்போது நொதி செயலிழந்துவிடுகிறது. மீனுக்கோ மென்மையாக்கலே வேண்டியதில்லை.

செய்முறை: இஞ்சியில்லா மடவை வறுவல்

தேவையானவை: துண்டுகளாக்கிய மடவை அரைக் கிலோ, பூண்டு 8 பல், மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, சுக்குப் பொடி கால் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, உப்பு, எண்ணெய்.

பூண்டு, மிளகு, சீரகத்தை அம்மியில் மைய அரைத்து, மற்றவற்றுடன் கலந்து மீனில் தடவி 20 நிமிடம் வைத்து, தோசைக்கல்லில் இருபுறமும் பொன்னிறமாக வறுத்தெடுக்கவும். கடை விழுதில் உப்பும் புளிப்பும் முன்னரே சேர்ந்திருக்கும். அதற்குப் பழகிய கை, இதில் உப்பைச் சற்றுக் கூட்டிப் போட வேண்டியிருக்கலாம்.

எதனாலும் ஈடுசெய்ய முடியாதது

இனி, இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில், விற்காமல் மீந்த கானாங்கெளுத்தியை ஐஸ் இல்லாமல் மாலை வரை வைத்திருந்து, மணத்தை மறைக்க இஞ்சி விழுதை இருமடங்கு சேர்த்துச் சமைத்தார்கள். உண்ட அரைமணியில் பிள்ளைகளுக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி கண்டது. மருத்துவமனைக்கு உடனே கொண்டு சென்றதால் நலமடைந்தனர். அவர்களுள் ஒருத்தி என் வகுப்பு மாணவி.

கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களை வெயிலில் வைத்தால் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அது அழியாது. இஞ்சி, சுக்கு, புளி எதுவும் அதை முறிக்காது. மணம் மறையும், நஞ்சு மறையாது. ஆகவே கெட்ட மீனுக்கு மாற்று மசாலா இல்லை, கொட்டிவிடுவதே வழி. உழைத்துக் கொண்டு வந்த மீனைக் கொட்ட மனம் வராதுதான். ஆனால் மீனின் விலை பெரிதா, பிள்ளையின் உயிர் பெரிதா?

சேமிக்கும் வழி

இஞ்சி மலிவாய் இருக்கும்போது சிறிது வாங்கி, மண்சட்டியில் ஈரமான ஆற்று மணலில் புதைத்து வைத்தால் பல நாள் வாடாது. கரையோர உவர்மணல் ஆகாது. முளைவிட்ட துண்டை எருவும் மண்ணும் நிரப்பிய சாக்கில் நட்டு, நிழலில் வைத்தால் எட்டு ஒன்பது மாதத்தில் வீட்டு இஞ்சி கிடைக்கும்.

மாணவியரே! 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், இக்கரையின் துணிகளைக் கீழைத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்று, அங்கே அவற்றைக் கொடுத்து வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். உலகமே கப்பலேறித் தேடிய பொருள்களுள் மிளகும் சுக்கும் நம் அஞ்சறைப் பெட்டியில் சிறு அறைகளில் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்று இல்லையே என்று கலங்காமல், இருப்பது என்ன என்று பார்க்கும் கண்ணையே மனையியல் நமக்குத் தருகிறது. ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கையில் எடுத்தபோது நம் ஆண்டவரும் இல்லாததை எண்ணிக் கலங்கவில்லை. இருந்ததற்கு நன்றி கூறினார். நாமும் அவ்வாறே அடுப்பை மூட்டுவோம்.

— மனையியல் ஆசிரியை