பெரிய தொகை போட்ட கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

மருத்துவ லேப் டிப்ளோமா முடித்தாயிற்று, இரண்டு லேப்பில் கூப்பிட்டிருக்கிறார்கள், எதில் சேரலாம் என்று கேட்டிருந்தாய். வீட்டில் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். மூன்று வருசம் பிடிபிடிஎன் கல்விக் கடனில் படித்தவளைவிட, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஓவர்டைம் செய்யும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதிகம் கொண்டுவருகிறதே என்பார். அம்மா சொல்வதில் பொய்யில்லை. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பல தனியார் லேப்கள் கொடுப்பது அதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

நீ அனுப்பிய இரண்டு வேலைக் கடிதங்களையும் பார்த்தேன். ஒன்றில் அடிப்படைச் சம்பளம் 2,100. மற்றதில் 1,800, கூடவே பயணப்படி 400, ஆக 2,200. நூறு வெள்ளி அதிகம் என்று இரண்டாவதில் கண் போயிருக்கும். பயணப்படிக்கு ஊழியர் சேமநிதி கிடையாது, ஓவர்டைம் கணக்கிலும் அது சேராது. மாதச் சம்பளத்தை 26ஆல் வகு, வந்ததை 8ஆல் வகு, ஒன்றரையால் பெருக்கு: முதல் இடத்தில் ஓவர்டைம் மணிக்கு 15.14 வெள்ளி, இரண்டாவதில் 12.98. மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் 86 வெள்ளி வித்தியாசம். முதலாளி கட்டும் 13 விழுக்காடு சேமநிதியில் இன்னும் 39. நூறு வெள்ளி அதிகம் கொடுத்த இடத்தில் உனக்கு 25 வெள்ளி நஷ்டம். ஆளை எடுக்கும் ஹெச்ஆர் இதை உனக்குச் சொல்லமாட்டார்.

சம்பளத்தைவிட நான் உற்றுப் பார்த்தது வேலை விவரத்தை. இரண்டாவது இடத்தில் ரத்தம் எடுத்து, சுழற்றி, பெட்டியில் அடுக்கித் தலைமை லேப்புக்கு அனுப்புவதுதான் வேலை. மூன்று வருசம் அதையே செய்துவிட்டு வேறு இடத்துக்கு இன்டர்வியூ போனால், எந்தப் பெஞ்சில் இருந்தாய் என்று கேட்பார்கள். அப்போது என்ன சொல்வாய்?

பெஞ்சில் இருந்தால் கற்பது வேறு. டிங்கி பரவும் நேரத்தில் ஒரு ரத்தம் வரும். மெஷின் தட்டணுக்கள் 18 என்று அச்சடிக்கும். வார்டிலிருந்து போன் மேல் போன். நீ ஸ்லைடு இழுத்து, சாயம் ஏற்றி, படலத்தின் ஓரத்தில் லென்ஸை நிறுத்திப் பார்க்கிறாய்: தட்டணுக்கள் திராட்சைக் கொத்தாக ஒட்டிக் கிடக்கின்றன. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ சிலருடைய ரத்தத்தில் இப்படிச் செய்துவிடும். கொத்தைத் தட்டணு என்று மெஷின் எண்ணுவதில்லை. நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுக்கச் சொல்லி, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கினால் 190. தேவையில்லாமல் தட்டணு ஏற்றவிருந்த ஒரு ஆளுக்கு அது நின்றுபோகும். நோயாளிக்கு உன் முகம் தெரியாது. டத்தோ கிராமாட்டில் டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் இடத்தில் வெள்ளீய உருக்காலை ஓடிய காலத்திலும் கதை இதுதான்: தாதுமண்ணில் எவ்வளவு வெள்ளீயம் என்று சோதித்தவரின் தாளை வைத்துத்தான் விலை, அவரை யார் பார்த்தார்கள்?

இந்த மாதிரி விஷயத்தைப் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு மூத்தவர் வேண்டும். ரத்த வங்கி, நுண்ணுயிரியல், திசு வெட்டும் பகுதி, இவற்றில் ஒன்றிலாவது கை பழகியவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். சிங்கப்பூர் போக நினைத்தாலும் அதற்கு அப்புறம் போ. ஒரு டாலருக்கு மூன்று வெள்ளிக்கு மேல் என்பது யாரையும் இழுக்கும். வெறுங்கையோடு போனால் அங்கேயும் குழாய் அடுக்கும் வேலைதான் மிஞ்சும்.

பொதுச்சேவை ஆணையத்துக்கும் விண்ணப்பித்து வை. டிப்ளோமாவோடு சேருகிறவர்களின் பழைய 29ஆம் கிரேடு 2024 டிசம்பரிலிருந்து 5ஆம் கிரேடு. அப்போது தொடங்கிய சம்பள உயர்வு 2026 ஜனவரியோடு இரண்டு கட்டமாக 15 விழுக்காடு. ஆனால் பென்ஷனுக்காக என்று அப்பா சொன்னால், 2024 பிப்ரவரிக்குப் பிறகு நிரந்தரமாகச் சேருகிறவர்களுக்கும் சேமநிதிதான் என்று மெதுவாக எடுத்துச் சொல். ஜாலான் ரெசிடென்சி பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தால் பென்ஷனை மறந்துவிட்டுப் போ. அங்கே ஒரு வருசத்தில் பார்க்கும் கேஸ், சின்ன லேப்பில் பல வருசம் இருந்தாலும் கிடைக்காது.

இன்னொன்று, பதிவு. துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் (சட்டம் 774) 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. லேப் டெக்னாலஜிஸ்ட்டுகளான நாமும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறோம். அந்தச் சட்டத்தின் கீழுள்ள கவுன்சிலில் பதிவும் தொழில் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். "அப்புறம் பார்க்கலாம், முதலில் வேலையைத் தொடங்கு" என்கிற இடத்துக்குப் போகாதே; பிரச்சினை வந்தால் மாட்டுவது நீ.

முதல் லேப்புக்குச் சரி என்று சொல்வதற்கு முன் இதை மட்டும் கேட்டுவிடு: ராத்திரி ஷிப்டில் எத்தனை பேர், புதிதாகச் சேர்ந்தவரைத் தனியாக விடுவது எந்த மாதத்திலிருந்து, பெஞ்ச் மாற்றிப் போடுவார்களா. முதல் வாரத்திலேயே தனியாக ராத்திரி என்றால் கையெழுத்துப் போடாமல் எனக்கு வாட்சாப் பண்ணு. ஆள் தேடும் வேறு லேப்கள் பினாங்கில் இருக்கின்றன.

அன்புடன்,
அண்ணன்