மாத மளிகைக்கு ஓர் அளவுத் திட்டம்



ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் வட்டாரத்தில் இன்று ஏரும் ஆலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010-இல் பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகம் பார்த்துப் பயிர் வைக்கும் குடும்பத்திலேயே ஒரு பிள்ளை ஷிப்டு வேலைக்குப் போவதும் இங்கே வழக்கமாகிவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டில் வரவு இரண்டு வகையாக வருகிறது. நிலத்து வரவு அறுவடைக்குப் பின் மொத்தமாக வரும். சம்பளம் மாதம் ஒரு முறை வரும். அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும். இம்மூன்றையும் இணைத்துக் கணக்குப் போடாத வீட்டில் மாதத்தின் இருபதாம் தேதிக்கு மேல் மளிகைக் கடைப் பற்று நோட்டுதான் குடும்பத்தை நடத்துகிறது. முதல் தேதி வரும் சம்பளம் பழைய பற்றைத் தீர்க்கவே சரியாகிறது. அன்று மாலையே புதிய பற்று தொடங்குகிறது.

இந்தச் சுழலிலிருந்து வெளிவர என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வழக்கு. மளிகைத் திட்டத்துக்கும் அதுவே அடிப்படை. முதலில் அளவை முடிவு செய்யுங்கள். விலையைப் பிறகு பாருங்கள்.

உணவுக்கு எவ்வளவு போகிறது?

ஜெர்மனி நாட்டுப் புள்ளியியல் அறிஞர் எர்னஸ்ட் எங்கெல், பெல்ஜியம் நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1857-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வருமானம் குறைந்த வீட்டில் செலவின் பெரும்பங்கு உணவுக்கே போகிறது. வருமானம் உயர உயர அந்தப் பங்கு குறைகிறது என்பதே அது. இந்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நாட்டின் கிராமங்களில் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 47 ரூபாய் உணவுக்குப் போகிறது. நகரங்களில் இது சுமார் 40 ரூபாய்.

ஆகவே உங்கள் வீட்டில் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் உணவுக்குப் போனால், கணக்கை ஒரு முறை திருத்திப் பார்க்க வேண்டும் என்று பொருள். வயிற்றைக் குறைக்க வேண்டும் என்று பொருளல்ல.

முதற்படி: ஆளுக்கு இவ்வளவு என்று அளவிடுங்கள்

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், கடின உழைப்பில்லாத ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான உணவை வகுத்துத் தந்துள்ளது. தானியம் 250 கிராம். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்ந்து 85 கிராம். காய்கறியும் கீரையும் 400 கிராம். பழம் 100 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. எண்ணெய் 27 கிராம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 30 நாள் கணக்கில் இது பின்வருமாறு ஆகிறது.

தானியம் – 37½ கிலோ
பருப்பு, முட்டை, மீன், இறைச்சி – 12¾ கிலோ
காய்கறி, கீரை – 60 கிலோ
பழம் – 15 கிலோ
பால், தயிர் – 45 லிட்டர்
எண்ணெய் – 4 கிலோ (சுமார் 4½ லிட்டர்)

வயலில் இறங்கி உழைப்பவருக்குத் தானியம் கூடுதலாக வேண்டும். இருவர் உழைத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் வீதம் மாதம் 6 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலைக்குப் போகும் பிள்ளை ஒரு வேளை அங்கேயே சாப்பிட்டால் மாதம் 3½ கிலோ அளவுக்குக் கழித்துவிடுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. பழக்கத்தால் அவருக்கும் சேர்த்தே உலை வைத்துவிட்டு, மிஞ்சிய சோற்றை மாட்டுக் கழுநீரில் கொட்டுகிறோம். ஷிப்டு மாறும் வாரத்தில் எந்த வேளைக்கு எத்தனை பேர் என்று அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டினால் இந்த வீண் நின்றுவிடும்.

இப்படிக் கூட்டிக் கழித்தால் மேற்சொன்ன வீட்டுக்கு மாதம் 40 கிலோ தானியம் போதுமானது. உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் கூடாது என்பதால், ஐந்து பேருக்கு மாதம் 750 கிராமே போதும். ஒரு கிலோ பொட்டலம் மாதக் கடைசியில் மிஞ்ச வேண்டும்.

இரண்டாம் படி: களஞ்சியம், ரேஷன், பிறகே கடை

அளவு தெரிந்த பின் உடனே கடைக்குச் செல்லாதீர்கள். வீட்டிலும் நிலத்திலும் கிடைப்பதை முதலில் கழியுங்கள். அடுத்து ரேஷனில் கிடைப்பதைக் கழியுங்கள். எஞ்சியதே கடைச் சிட்டையில் ஏற வேண்டும்.

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் வழங்கப்படுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் குறைந்தது 20 கிலோ கிடைக்கும். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும், சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. சர்க்கரை இரண்டு கிலோ கிடைத்தால் ஐந்து பேருக்கு அதுவே போதும். கடையில் வாங்கத் தேவையில்லை.

மீதமுள்ள 20 கிலோ அரிசிக்கு என்ன வழி? இங்கேதான் நம் பகுதி உழவர்கள் தவறுகிறார்கள். களத்திலிருந்தே நெல் முழுவதையும் கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரிக்கோ கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே கடையில் அரிசி மூட்டை வாங்குகிறோம். விளைவித்தவரே அரவைக்கூலி, வண்டிக்கூலி, கடைக்காரர் இலாபம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

மாதம் 20 கிலோ வீதம் ஆண்டுக்கு 240 கிலோ அரிசி வேண்டும். நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்று கொண்டால், 75 கிலோ மூட்டை ஐந்து நிறுத்திவைத்தால் போதும். விற்பதற்கு முன்பே இந்த ஐந்து மூட்டையைத் தனியே எடுத்துவிடுங்கள். நெல்லைப் பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடையும் அளவுக்கு, அதாவது ஈரப்பதம் 12 சதவீதம் ஆகும்வரை, காயவைக்க வேண்டும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். இடையிடையே காய்ந்த நொச்சி இலையோ வேப்பிலையோ வைப்பது நம் பழைய முறை.

நெல் வயலின் வரப்பில் உளுந்து விதைத்தால் இட்லிக்கும் தோசைக்கும் வேண்டிய உளுந்தில் ஒரு பகுதி வீட்டிலேயே கிடைக்கும். நிலக்கடலை பயிரிடுவோர் வீட்டுக்கு வேண்டியதைச் செக்கில் ஆட்டிக்கொள்ளலாம். சுமார் இரண்டரை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். கொல்லையில் ஒரு சென்ட் இடத்தில் கீரை, கத்தரி, வெண்டை, தக்காளி, வேலியோரம் அவரை, ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, கழுநீர் பாயும் இடத்தில் இரண்டு வாழை வையுங்கள். நாளொன்றுக்கு இரண்டு கிலோ காய்கறி வேண்டிய வீட்டில் இது பெரிய உதவி.

மூன்றாம் படி: ஆண்டு வரவைப் பன்னிரண்டால் வகுங்கள்

அறுவடைப் பணம் கையில் உள்ள மாதத்தில் தாராளமும், இல்லாத மாதத்தில் பற்றும் என்பதே இடருக்குக் காரணம். நிலத்தில் செலவு போக நிற்பதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விலைகளை உங்கள் கடை நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

நிலத்தில் ஆண்டுக்கு நின்றது ரூ.60,000, மாதப் பங்கு – ரூ.5,000
பால் விற்ற வகையில் – ரூ.3,000
மகன் வீட்டுக்குத் தருவது – ரூ.10,000
மாத வரவு – ரூ.18,000

இதில் உணவுக்கு ரூ.8,000 என்று வைக்கலாம். அதைப் பின்வருமாறு பிரியுங்கள்.

மாதம் ஒரு முறை வாங்கும் பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், மல்லி – ரூ.2,400
வாரச் சில்லறைச் சாமான், ரூ.400 வீதம் நான்கு வாரம் – ரூ.1,600
காய், பழம், முட்டை, மீன் – ரூ.3,600
விருந்தாளி, பண்டிகை – ரூ.400

வாரப் பணத்தை நான்கு டப்பாக்களில் தனித்தனியே போட்டு வையுங்கள். ஒரு வாரத்து டப்பா தீர்ந்தால் அடுத்த வாரத்து டப்பாவைத் திறக்கக் கூடாது. மிஞ்சினால் அது இல்லத்தரசியின் சிறுவாடு. அதை வேறு எவரும் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதி இருந்தால் சிக்கனம் தானே வந்துவிடும். கணக்கு நோட்டில் தேதி, பொருள், அளவு, விலை ஆகிய நான்கையும் எழுத வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. சிட்டை எழுதாமல் கடைக்குச் செல்லாதீர்கள். பசியோடும் செல்லாதீர்கள்.

2. சிறு பொட்டலம் மலிவாகத் தோன்றும். 50 கிராம் தூள் 20 ரூபாய் என்றால் கிலோ 400 ரூபாய் ஆகிறது. அதே தூள் அரை கிலோ 150 ரூபாய் என்றால் கிலோ 300 ரூபாய்தான். பொட்டலத்தில் கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது இப்போது விதி. அதைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

3. கெட்டுப்போகாத பொருளை மட்டும் மொத்தமாக வாங்குங்கள். வண்டு விழுந்த பருப்பில் இலாபம் இல்லை.

4. எடை போடும்போது தராசைப் பாருங்கள். எடைக் குறைவு இருந்தால் தொழிலாளர் துறையின் ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

பழைய பற்றை அடைப்பது எப்படி?

பற்றுக்கு வட்டி இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் பற்று வைத்தவர் விலை பேச முடியாது. வேறு கடைக்கும் போக முடியாது. கடைக்காரரிடம் ஒளிவு மறைவின்றிப் பேசுங்கள். "அண்ணாச்சி, பழைய பாக்கி ஆறாயிரத்தை மாதம் ஆயிரமாகக் கொடுத்துவிடுகிறோம். இனிமேல் வாங்குவதெல்லாம் ரொக்கம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். அறுவடைப் பணம் வந்தால் முதலில் இந்த நோட்டை மூடிவிடுங்கள்.

எதில் கை வைக்கக் கூடாது?

சிக்கனம் என்றதும் பாலையும் பருப்பையும் முட்டையையும் குறைப்பதும், வீட்டுப் பெண்கள் கடைசியாக மிஞ்சியதை உண்பதும் நம் வீடுகளில் நடக்கிறது. இது சிக்கனமாகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. கறவை மாடு வைத்திருப்போர் முதலில் வீட்டுக்கு வேண்டிய பாலை எடுத்துவிட்டு மீதியை விற்க வேண்டும். குறைப்பதானால் குளிர்பானம், பொட்டலத் தீனி, அளவுக்கு மீறிய எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றைக் குறையுங்கள்.

சம்பளம் நின்றால்?

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அருகிலுள்ள மறைமலைநகரில் ஃபோர்டு கார் ஆலை 2022-இல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஆலைகள் வரும், சில போகும். ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு அடுத்த ஆண்டு வேலை உறுதியில்லை. நிலத்துக்கும் இதே கதைதான். ஒரு போகம் வெள்ளத்தில் போகலாம், மறு போகம் ஏரி வறண்டு போகலாம்.

ஆகையால் மேற்சொன்ன கணக்கை மீண்டும் ஒரு முறை பாருங்கள். மகன் தரும் ரூ.10,000 நின்றாலும், நிலமும் பாலும் தரும் ரூ.8,000 உணவுச் செலவுக்குச் சரியாக இருக்கிறது. இது தற்செயலாக அமைந்ததன்று. உணவுச் செலவு நிலத்து வரவுக்குள் அடங்க வேண்டும். சம்பளம் கல்வி, மருத்துவம், பழைய கடன், சேமிப்பு ஆகியவற்றுக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டில் உடனே இப்படி அமையாவிட்டால், சம்பளத்திலிருந்து உணவுக்கு எடுக்கும் தொகையை ஒவ்வொரு போகத்துக்கும் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள். இரண்டு மாத உணவுச் செலவுக்கான பணத்தை அஞ்சலகத்திலோ கூட்டுறவு வங்கியிலோ தனியே போட்டு வையுங்கள். நிலம் கொடுத்துப் பெற்ற இழப்பீட்டுப் பணம் இருந்தால் அதை அடுப்புச் செலவுக்குத் தொடவே கூடாது.

அன்புள்ள உழவர்களே! வயலுக்கு உரம் இடும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று அளந்தே இடுகிறோம். அதே அளவுகோலை அடுப்படிக்கும் கொண்டு வாருங்கள். வரும் முதல் தேதிக்கு முன் ஒரு மாலை குடும்பத்துடன் உட்கார்ந்து, ஆளைக் கணக்கிட்டு, அளவை எழுதி, களஞ்சியத்தையும் ரேஷனையும் கழித்து, மீதியை மட்டும் சிட்டையில் ஏற்றுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால், இருபதாம் தேதிக்கு மேலும் உங்கள் டப்பாவில் பணம் இருக்கும்.